நோட்டில் இரண்டு வரிக்குத்தான் இடம்

போன மாதம் எங்கள் கன்டெய்னர் யார்டிலிருந்து இரண்டு கிரேன் ஆப்பரேட்டர்கள் திருவொற்றியூரில் என் வீடு தேடி வந்தார்கள். தொழிலாளர்கள் சேர்ந்து நடத்தும் சிறு பத்திரிகைக்கு என் அனுபவத்தை எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்கள். பேச்சோடு பேச்சாக ஒருவர் கைப்பேசியை எடுத்துக் காட்டினார். கம்பெனி இப்போது எல்லோருக்கும் ஒரு செயலி கொடுத்திருக்கிறதாம். கிரேனில் ஏறும் முன் 'இன்று உங்கள் மனம் எப்படி இருக்கிறது?' என்று அது கேட்கும். ஐந்து முகங்களில் ஒன்றைத் தொட வேண்டும். சிரிக்கிற முகத்தைத் தொடாதவரைப் பயிற்சியாளர் கூப்பிட்டுப் பேசுவாராம்.

"நீங்க எத்த தொடுவீங்க?" என்று கேட்டேன்.

"நாங்க இன்னா லூசாண்ணே? எல்லாரும் சிரிப்புதான். ஒருத்தன் மாமனார் செத்த அன்னிக்குக் கூட சிரிப்பத் தொட்டுட்டுதான் லீவு கேட்டான்."

அவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் போன பிறகும் கோபம் தணியவில்லை. மனதில் இருப்பதைச் சொல் என்று ஒரு மனிதரைக் கேட்பது எப்பேர்ப்பட்ட வேலை என்று எனக்குத் தெரியும். பதினைந்து வருடத்துக்கு மேல் அந்த வேலையைச் செய்தவன் நான். அதை வைத்து ஒருவரின் பிழைப்பையே பிடுங்கலாம் என்பதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்களோடு கிரேன் ஓட்டிய ஏழுமலை அண்ணனின் வேலை அப்படித்தான் போனது. அதற்கு என் கையெழுத்தும் ஒரு காரணம். அதனால்தான் எழுத ஒப்புக்கொண்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழைகளை மட்டும் என் மகள் திருத்தினாள். சொல்ல வந்ததை அவள் தொடவில்லை.

கொருக்குப்பேட்டையில் பிறந்தேன். பதினெட்டு வயதில் கப்பலில் கன்டெய்னர் பெட்டிகளைக் கம்பியால் இறுக்கிக் கட்டும் வேலைக்குப் போனேன். பிறகு எண்ணூர் போகும் வழியில் ஒரு தனியார் யார்டில் கீழே நின்று சிக்னல் காட்டினேன். முப்பது வயதில் கிரேன் ஏறினேன்.

அந்தக் கிரேனைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். லாரி டயரைவிடப் பெரிய டயர்கள் மேல் நிற்கிற இரும்பு வாசல் அது. ஆறு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடி அறை. ஆப்பரேட்டர் குனிந்து, காலுக்குக் கீழே இருக்கும் கண்ணாடி வழியாகவே நாள் முழுவதும் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கீழே டிரெய்லர் வந்து நிற்கும். அதன் மேல் இருக்கும் பெட்டியின் நான்கு மூலைகளையும் கவ்வித் தூக்கி அடுக்க வேண்டும்.

ஏறிய ஆறாவது வருடம் கடல்காற்றில் என் பெட்டி ஊஞ்சல் ஆடிப் பக்கத்து அடுக்கில் மோதியது. யாருக்கும் அடியில்லை. ஆனால் மறுநாள் ஏணிக் கம்பியில் வைத்த கையை என்னால் எடுக்கவும் முடியவில்லை, மேலே போகவும் முடியவில்லை. பின்னால் நின்றவர்கள் "மாமு, ஏணிக்குத் தாலி கட்டப் போறியா?" என்று கேலி செய்தார்கள்.

அப்போது யார்டு சூப்பரிண்டெண்ட் சாமுவேல் சார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். குரலை உயர்த்த மாட்டார். கூட்டுகிறவர்களைக்கூட முழுப்பெயர் சொல்லி, வாங்க போங்க என்றுதான் பேசுவார். பேசும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருப்பார். எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்க மாட்டார். எனக்குச் சிறு வயதிலிருந்தே ஆள் முகம் பார்த்துப் பேச வராது. அவரிடம் மட்டும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை.

"ஏற வேண்டாம் மனோகரன்" என்றார். "நாளைக்கும் வாங்க. கைய மட்டும் வைங்க. வச்சிட்டு டீ குடிக்கப் போயிருங்க."

பதினோரு நாள் அப்படிப் போனது. பன்னிரண்டாம் நாள் ஏறினேன்.

அதன்பின் ஏணியில் கை நின்றுபோன ஒவ்வொருவரையும் என்னிடம் அனுப்பினார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "என்ன பேசுனீங்கன்னு எனக்குத் தெரியாண்டாம். எழுதியும் தராண்டாம். ஒரு வார்த்தை போதும். ஏறுவாரு, இல்லன்னா ஏறமாட்டாரு." பதினைந்து வருடத்தில் அந்த ஒரு வார்த்தைக்கு மேல் என்னிடம் அவர் கேட்டதேயில்லை. நான் இரண்டாவது வார்த்தை சொல்ல வாய் திறந்தால் எழுந்து போய்விடுவார்.

என் முறை பெரிதாக ஒன்றுமில்லை. வந்தவரோடு கிரேனுக்கு எதிரே இருக்கும் சிமெண்டுக் கட்டையில் பக்கத்தில் உட்காருவேன். எதிரில் உட்கார மாட்டேன். இருவரும் ஏணியைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். முதல் நாள் விபத்தைப் பற்றிக் கேட்பதில்லை. இரண்டாம் நாள், பயம் உடம்பில் எங்கே இருக்கிறது என்று கேட்பேன். 'பயமே இல்லை' என்று மார்தட்டுபவர்களும் இந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்வார்கள். முட்டியில் என்பார்கள், நாக்கில் என்பார்கள், ஒருவர் பல்லில் என்றார். மூன்றாம் நாள், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்பேன். கம்பெனிக்கு என்ன வேண்டும் என்பது இருவருக்கும் தெரிந்ததுதான், அதைப் பேச வேண்டியதில்லை. பிறகு கை வைப்பது, நாலு கம்பி ஏறுவது, ஏணி நடுவே நின்று இளைப்பாறும் முதல் தட்டு, இரண்டாம் தட்டு. ஒவ்வொரு முறையும் அவர் விரும்பிய இடத்தில் இறங்கிவிடலாம். இறங்கியதற்கு ஏன் என்று நான் கேட்டதில்லை.

வியாசர்பாடிக்காரர் ஒருவர், குத்துச்சண்டையில் பேர் வாங்கியவர், மூன்றாம் நாளே "எனக்கு இனி மேல போவ வோணாம்ணே. வெக்கமா கீது, ஆனா வோணாம்" என்றார். சாமுவேல் சாரிடம் "ஏறமாட்டாரு" என்றேன். மறுநாள் அவரை வாசல் கேட்டில் வண்டி நம்பர் பார்க்கப் போட்டார். இன்றும் அங்கே நன்றாக இருக்கிறார். என் கணக்கில் அதுவும் வெற்றிதான்.

சாமுவேல் சார் ஓய்வு பெற்றுப் போனார். புதிதாக மனிதவள மேலாளர் ஒருவர் வந்தார். 'வாய்வழி முறை'யெல்லாம் கூடாது, எல்லாம் பதிவாக வேண்டும் என்றார். நகரத்திலிருந்து கார்த்திக் என்ற பயிற்சியாளரை வரவழைத்து, எனக்கும் இன்னும் நாலு பேருக்கும் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். கார்த்திக்கைக் குறை சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. நன்றாகக் கேட்கத் தெரிந்தவர். எதிராளி பேசி முடிக்கும்வரை குறுக்கே வரமாட்டார். என்னை சார் என்று கூப்பிட்டார். கண்ணைப் பார்த்துப் பேசுங்கள் என்பதை மட்டும் என்னால் கடைசிவரை செய்ய முடியவில்லை. 'மாற்ற வழிகாட்டி' என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். ஐந்தாம் வகுப்பு படித்தவனுக்கு அது பெரிய விஷயம். சட்டம் போட்டு மாட்டினேன்.

கூடவே ஒரு நோட்டு கொடுத்தார்கள். அட்டையில் 'என் பயணம்' என்று அச்சடித்திருந்தது. உள்ளே பக்கத்துக்கு ஒரு தலைப்பு. வழிகாட்டியிடம் வருபவர் தன் கையால் நிரப்ப வேண்டும்; முடியாவிட்டால் வழிகாட்டி எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். சாயங்காலம் மேலாளர் அலுவலக அலமாரியில் வைத்துவிட வேண்டும். அலமாரி எதற்கு என்று நான் கேட்கவில்லை. "இதில் எழுதுவது உங்களுக்கும் அவருக்கும் நடுவில் மட்டும்தான்" என்று கார்த்திக் சொல்லியிருந்தார். நம்பினேன்.

அடுத்த மழைக்காலம் முடிந்ததும் ஏழுமலை அண்ணனின் விபத்து நடந்தது. ராயபுரத்துக்காரர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், எனக்கு முன்பே கிரேன் ஏறியவர்.

டிரெய்லரில் பெட்டி நகராமல் இருக்க நான்கு மூலைகளிலும் லாக் உண்டு. தூக்குவதற்கு முன் நான்கையும் கழற்றியிருக்க வேண்டும். ஒன்று கழலாமல் இருந்தால் பெட்டியோடு டிரெய்லரும் மேலே வரும். அதற்காகத்தான் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம்: பெட்டியை ஒரு சாண் தூக்கி நிறுத்த வேண்டும், பார்க்க வேண்டும், பிறகுதான் மேலே போக வேண்டும். அன்று ஒரு லாக் கழலவில்லை. ஏழுமலை அண்ணன் ஒரு சாணில் நிறுத்தவில்லை. டிரெய்லர் ஒரு பக்கமாகத் தொங்கி, லாக் உடைந்து, டிரைவர் உள்ளே இருக்கும்போதே கீழே விழுந்தது. டிரைவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. பிழைத்துக்கொண்டார்.

ஒருவர் விபத்துக்குப் பிறகு இறங்கினால், இருக்கையில் அவர் போட்டிருந்த துண்டை மற்றவர்கள் கீழே கொண்டுவர மாட்டார்கள். சுருட்டி இருக்கையின் கைப்பிடியில் கட்டிவிட்டு வேலை செய்வார்கள். அவரே ஏறி வந்து எடுக்கட்டும் என்பது எங்கள் பழக்கம். மேலாளர் அதைக் குப்பை என்று சொல்லி எடுக்கச் சொன்னார். யாரும் எடுக்கவில்லை.

விபத்து நடந்த மூன்றாம் நாள் ஏழுமலை அண்ணனை என்னிடம் அனுப்பினார்கள். சிமெண்டுக் கட்டையில் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னா நைனா, என்ன ஏத்திவுட வந்தியா?"

"இல்லண்ணே. சும்மா குந்த வந்தேன்."

"குந்து. இன்னா, உங்கப்பன் வூட்டு எடமா, எங்கப்பன் வூட்டு எடமா?"

மறுநாள் பயம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "காதுல" என்றார். "வண்டி கீய வுயுந்தப்போ ஒரு சத்தம் வந்துச்சே, அது. டீக்கடைல ஒருத்தன் கிளாஸ டக்குனு வச்சாக்கூட அதான் கேக்குது."

என்ன வேண்டும் என்று கேட்டபோது ஏணியை உச்சிவரை ஒருமுறை பார்த்தார். பிறகு சொன்னார். "ஒரு தபா ஏறணும். ஒரு பெட்டிய தூக்கணும், ஒரு சாண்ல நிறுத்தணும், பாக்கணும். கவனமில்லாம ஓட்றவன்னு பேரு வாங்கிகினு நா வூட்டுக்குப் போவக் கூடாது. இருவத்தாறு வருசம் ஓட்டிக்கீறேன் மனோகரு."

அவருடைய குறிக்கோள் அதுதான். கம்பெனி எழுதிக் கொடுத்ததில்லை.

ஏழாம் நாள் நோட்டைத் திறந்தோம். பக்கத்தின் தலைப்பு 'நான் பொறுப்பேற்பது'. அதன் கீழே இரண்டு கோடுகள் போட்டிருந்தன. "என் எயுத்து கோயி கெளறின மாதிரி இருக்கும், நீயே எய்து" என்றார். நான் பேனாவை எடுத்தேன். அவர் ஏணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தூக்கனதும் ஒரு சாண்ல நிறுத்தணும். நா நிறுத்தல. நிறுத்தியிருக்கணும். அது என் தப்பு, எய்திக்கோ. ஆனா ஏன் நிறுத்தல? கண்ணுக்கு எதுர அந்த டப்பா, மணிக்கு எத்தினி பெட்டின்னு காட்டிகினே கீது. கொறஞ்சா செவப்பா எரியுது. ஒடனே வாக்கிடாக்கில, இன்னா பெரிசு, தூங்கிட்டியான்றான். ஒரு சாண்ல நிறுத்தி நிறுத்தி தூக்கனா டப்பா நாள் பூரா செவப்புதான். இப்ப எவன் நிறுத்தறான் சொல்லு? கீய நின்னு லாக்கு பாக்கறதுக்கு ஒரு ஆளு இருந்தான், போன வருசம் அவனையும் வோணாம்னுட்டானுங்க. நா மேல குந்திகினு கீறேன். என் கண்ணு இன்னா ரப்பரா, நீண்டு போயி லாக்க பாக்க?"

நான் எழுதினேன்: 'பெட்டியைத் தூக்கியதும் ஒரு சாண் உயரத்தில் நிறுத்திப் பார்க்கவில்லை. நிறுத்தியிருக்க வேண்டும், அது என் தவறு.'

இரண்டு கோடுகளும் நிறைந்துவிட்டன. பக்கத்தைப் புரட்டினேன். அடுத்த தலைப்பு 'நான் இனிச் செய்யப்போவது'. அவர் சொன்ன மீதிக்கு எந்தப் பக்கத்திலும் இடமில்லை. ஓரத்தில் எழுதியிருக்கலாம், பின்னட்டையில் எழுதியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. அச்சடித்த தாளில் கோட்டைத் தாண்டி எழுதினால் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் முட்டியில் அடி விழும். படித்தவர்கள் போட்ட கோடு சரியாகத்தான் இருக்கும் என்ற மரியாதை எனக்குள் அப்படியே இருந்தது.

"மீதி?" என்று கேட்டார்.

"மீதி எனக்குத் தெரியும்லண்ணே. இருக்கட்டும்."

கையெழுத்துப் போட்டார். வழிகாட்டி என்ற இடத்தில் நானும் போட்டேன். எழுத்து முத்துமுத்தாக வந்திருக்கிறது என்று மனதுக்குள் கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன். இப்போது அதை நினைத்தால் கை கூசுகிறது.

ஒன்பதாம் நாள் இரண்டாம் தட்டுவரை போனோம். பன்னிரண்டாம் நாள் காலையில் அவர் தனியாக மேலே போனார். காற்று இல்லை. காலிப் பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு டிரெய்லர் கீழே நின்றது. நானே நான்கு லாக்கையும் பார்த்துவிட்டுக் கை காட்டினேன். பெட்டி ஒரு சாண் எழுந்தது, நின்றது. மேலே கண்ணாடியில் அவர் தலை குனிந்திருப்பது தெரிந்தது. முழுசாக ஒரு நிமிடமாவது இருக்கும். பின்னால் வரிசையில் நின்ற டிரெய்லர்காரர்கள் ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. பிறகு பெட்டி மேலே போய் அடுக்கில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. இறங்கி வரும்போது துண்டு அவர் தோளில் இருந்தது. மேலாளர் எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்தார். 'மாற்றம் சாத்தியம்' என்று அதற்குப் பெயர் வைத்து எல்லோருக்கும் அனுப்பினார்.

அடுத்த வாரம் அதே மேலாளர் கையெழுத்தில் ஏழுமலை அண்ணனுக்குக் குற்றச்சாட்டுக் கடிதம் வந்தது. கவனக்குறைவு, பாதுகாப்பு விதியை மீறியது. ஆதாரம்: 'ஊழியர் தானாக முன்வந்து எழுதிக்கொடுத்த ஒப்புதல்.' பின்னால் நோட்டுப் பக்கத்தின் நகல் இணைத்திருந்தது. என் முத்துமுத்தான எழுத்து.

கார்த்திக்குக்குப் போன் செய்தேன். "சார், எனக்குத் தெரியாது சார்" என்றார். பொய் சொன்னதாகத் தோன்றவில்லை. "ஆனா நோட்டு கம்பெனியோடதுன்னு ஒப்பந்தத்துல இருக்கு. என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"எங்களுக்கு நடுவுல மட்டும்னு சொன்னீங்களே சார்."

"அது பயிற்சியில அப்படித்தான் சார் சொல்லுவோம்."

அப்படித்தான் சொல்வார்களாம்! ஒரு மனிதர் நெஞ்சைத் திறப்பதற்கு அது ஒரு சாவி, அவ்வளவுதான். திறந்த பிறகு யார் உள்ளே போனால் என்ன?

விசாரணை ஏ.சி. அறையில் நடந்தது. மேசையின் ஒரு பக்கம் ஐந்து பேர். மறுபக்கம் ஏழுமலை அண்ணன் மட்டும். என்னைக் கம்பெனித் தரப்புச் சாட்சி என்று கூப்பிட்டார்கள்.

"இது உங்க எழுத்துதானே?" என்றார் விசாரணை அதிகாரி.

"ஆமா சார். ஆனா அவர் சொன்னதுல பாதிதான்..."

"ஆமான்னா போதும்."

"மீதியும் எழுதணும் சார்."

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

என் கல்யாணத்தில்கூட நான் நாலு பேர் முன்னால் பேசியதில்லை. அன்று எழுந்து நின்றேன். மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்பு எண், வாக்கிடாக்கி, கீழே நிற்க வேண்டிய ஆளை நீக்கியது, ஒரு சாணில் யாருமே நிறுத்துவதில்லை என்பது. தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் உட்கார்ந்ததும் மறுபடியும் விசைகளில் கை வைத்தார். கையெழுத்துக்கு என்னிடம் நீட்டிய தாளில் ஒரே வரி இருந்தது: 'ஆம், இது என் எழுத்துதான்.' நான் போட மறுத்தேன்.

"பொறுப்பேற்கிறது நல்ல குணம்னு உங்களுக்குப் பயிற்சியில சொல்லித்தந்தாங்களே" என்றார் மேலாளர்.

எனக்கு அங்கே ஒரு கேள்வி வந்தது, வாயில் வரவில்லை. இப்போது கேட்கிறேன். கீழே நிற்கும் ஆளை நீக்கியவர், அந்தச் சிவப்பு எண்ணை வைத்தவர், தன் பொறுப்பை எந்த நோட்டில் எழுதினார்? அவர் பெயர் போட்ட நோட்டு அந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது?

ஏழுமலை அண்ணனைப் பணிநீக்கம் செய்தார்கள். விசாரணைத் தாளில் என் கையெழுத்து இல்லாமலே அது நடந்தது. அவர் எதற்குப் பயந்தாரோ அந்தச் சொல்லே, கவனக்குறைவு, ஆணையில் இருந்தது. எனக்கு அதன்பின் யாரிடமும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க முடியவில்லை. ஒரு மாதம் கழித்து விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தேன். சாமுவேல் சாருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "ஒரு வார்த்தைன்னு சொன்னேனே மனோகரன்" என்றார்.

இதை எழுதி முடித்த பிறகு பத்திரிகைக்கு அனுப்பக் கை வரவில்லை. அவர் சொன்னதை இன்னொரு முறையும் அவரைக் கேட்காமல் ஊருக்குக் கொடுப்பதா? ஏழுமலை அண்ணன் இப்போது ராயபுரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். என்னை எங்கே பார்த்தாலும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஸ்டாண்டுக்கே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வண்டி இன்னும் நிறையவில்லை, ஆள் ஏறும்வரை அவரால் கிளம்ப முடியவில்லை.

"அண்ணே, ஒன்னு எழுதிக்கீறேன். உன்னப் பத்தி."

"மறுபடியுமா?" என்றார். முகம் என் பக்கம் திரும்பவில்லை. "யாராண்ட போவுது?"

நோட்டைப் பார்த்த அன்றே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

"நம்ம ஆப்பரேட்டருங்களாண்ட. காசு குடுத்து வாங்கற எல்லாராண்டயும். மேனேஜரும் படிப்பாரு."

"படிக்கட்டும். நீ படி, கேக்கறேன்."

படித்தேன். பின் இருக்கையில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, "வண்டி போவுமா, போவாதா?" என்றார்.

"குந்துமா, ஒரு நிமிசம்" என்றார் அண்ணன். பிறகு என்னிடம், "செவப்பா எரியுதுன்னு எய்தனியா?"

"எழுதனேன்."

"கீய ஆளு இல்லன்னு?"

"எழுதனேன்."

"ரப்பர் கண்ணு?"

"அதுவும்."

முதல்முறையாகச் சிரித்தார். முழுவதும் படித்து முடித்ததும் வண்டிச் சாவியைத் திருகிக்கொண்டே சொன்னார்.

"ரெண்டாவது தட்டுல குந்திகினு என் பையனப் பத்தி சொன்னேனே. அத்த எடுத்துரு."

"அந்த எடந்தான்ணே நல்லா வந்துகீது."

"நல்லா வந்தா இன்னா? அது உன்னாண்ட சொன்னது."

எடுத்துவிட்டேன்.